வரதன் சாரின் முதல் வெடி

கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். போன் அடித்தது. வரதன் சாரின் மகள் வைதேகி. அந்த நேரத்தில் அவள் கூப்பிட்டால், "அப்பா இன்னைக்கு லேட்டா வருவார் அத்தை" என்று சொல்வதற்காகத்தான் இருக்கும். அதனால் நானே முந்திக்கொண்டு, "மெதுவா வரட்டும், ஒண்ணும் அவசரமில்ல" என்றேன். "அப்பா பரமபதிச்சுட்டார் அத்தை. கார்த்தால பெருமாளைச் சேவிச்சுட்டு வந்தார், காபி கேட்டார், அம்மா கொண்டு வரதுக்குள்ள..." என்றாள். நான் ஷட்டரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எதிர்க்கடைக்காரர் வந்துதான் என் கையை அதிலிருந்து எடுத்துவிட்டார்.

நேராக ஸ்ரீரங்கத்துக்கு ஓடியிருக்க வேண்டும். நான் உள்ளே போய் இரும்பு பீரோவைத் திறந்தேன். ஜீயபுரம் பெரியசாமியின் துப்பாக்கி அங்கே இருந்தது. வரதன் சார் அதற்குப் புதுப் பேரல் மாட்டி, எண்ணெய் போட்டுத் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தார். ரொம்ப வருஷமாக அவர் மனசில் கிடந்த துப்பாக்கி அது. எல்லா வேலையும் முடிந்து, ஒன்றே ஒன்று பாக்கி. "நாளைக்கு ஏகாதசி. வியாழக்கிழமை வெச்சுக்கலாம் மெஹரு. துவாதசிச் சாப்பாடு சாப்பிட்டுட்டுத் தெம்பா வரேன்" என்று முந்தின நாள் சாயங்காலம் சொல்லிவிட்டுப் போனார். அந்த வியாழக்கிழமை அவருக்கு வரவில்லை.

வரதன் சாரை ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குப் போகிற வழியில் பார்த்தவர்கள், பளிச்சென்ற திருமண்ணும் பஞ்சகச்சமுமாகப் பார்த்திருப்பீர்கள். பாலக்கரைக் கடையில் பார்த்தவர்கள், கிரீஸ் படிந்த காக்கிச் சட்டையில் லேத்துக்குப் பின்னால் பார்த்திருப்பீர்கள். இரண்டு இடத்திலும் பார்த்தவர்கள் குறைவு. எங்கள் கடை துப்பாக்கி ரிப்பேர்க் கடை. என் அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் அத்தா, லைசென்ஸ் வாங்கி நடத்தியது, அவருக்குப் பிறகு நான் நடத்துகிறேன். காட்டூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த வரதராஜன் என்ற ஐயங்கார்ப் பிள்ளையை அத்தா எங்கள் கடைக்கு அழைத்து வந்தபோது கடைவீதியே சிரித்தது. ஈ எறும்பைக்கூட அடிக்காத மனுஷனுக்குத் துப்பாக்கிக் கடையில் என்ன வேலை என்று கேட்டார்கள். அவரைக் கேட்டால், "நான் இரும்புல ஓட்டை போடறவன். அதுக்கு அப்புறம் அது வழியா என்ன போறதுங்கறது வாங்கறவா பாடு" என்பார். அந்தப் பதிலை அவர் பிற்பாடு சொல்வதை விட்டுவிட்டார். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஏகாதசியன்று கடைக்கு வருவார், ஆனால் மெஷினில் கை வைக்க மாட்டார். அரம் தீட்டுவார், மேஜையைத் துடைப்பார், வருகிறவர்களிடம் வம்பளப்பார். நான் அதைப் பக்தி என்றே நினைத்து மரியாதையாக இருந்தேன். ஒருநாள் கேட்டுவிட்டேன். "பக்தியாவது ஒண்ணாவது. பட்டினி வயத்தோட கை நடுங்கும்மா. பேரல் வேலைல கை நடுங்கப்படாது" என்றார். ஆனால் அந்தப் பட்டினியில் காபி மட்டும் சேர்த்தி இல்லை. மூன்று தடவை வாங்கி வரச் சொல்வார். பெருமாள் காபியைக் கணக்கில் வைப்பதில்லையா என்று நான் கேட்டால், அது தனி டிபார்ட்மெண்ட் என்பார்.

எங்களிடம் வருவது பெரும்பாலும் பழைய கரிமருந்துத் துப்பாக்கிகள்தான். வாய் வழியாக மருந்து போட்டு, குண்டு போட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடுகிற ரகம். தோட்டத்துக்குப் பன்றி வராமல் விரட்டுவதற்காக லைசென்ஸ் வாங்கி வைத்திருப்பார்கள். கரிமருந்துப் புகை இரும்பைச் சும்மா விடாது. ஒரு மழைக்காலம் துடைக்காமல் வைத்தால் போதும், பேரலின் உள்ளே இருக்கிற சுருள் வரிகளைத் துரு தின்றுவிடும். அப்போது இரண்டு வழி உண்டு. துருப்பிடித்த பேரலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டலாம். அல்லது அதே பேரலை ரீபோர் பண்ணலாம். அதாவது துளையைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, துருவை எடுத்து, வரிகளைப் புதிதாக வெட்டுவது. அத்தா எப்போதும் மாற்று என்பார். வரதன் சார் எப்போதும் கடைந்து பார்க்கலாம் என்பார். வாலிபத்தில் அவருக்குத் தன் கை மேல் கொஞ்சம் கர்வம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இது அவரைப் பற்றிய கட்டுரையாக இருக்காது.

பெரியசாமி முதன்முதலில் வந்த நாளில் நான் கடையில் இருந்தேன். ஜீயபுரத்தில் வாழைத் தோட்டம் வைத்திருந்தார், அப்போது இளவயது. அவருடைய அப்பா வைத்திருந்த கரிமருந்து ரைஃபிளைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். அத்தா உள்ளே பார்த்துவிட்டு, "பேரல மாத்திடுங்க தம்பி" என்றார். பெரியசாமிக்கு மனசு வரவில்லை. அப்பா தோளில் சுமந்த பேரல். வரதன் சார் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் நெடுநேரம் பார்த்தார். "பாய், ஜாதிச் சரக்கு இது. துளை நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு. நான் கடைஞ்சு தரேன்" என்றார். பெரியசாமியின் முகம் மலர்ந்தது. அத்தா ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

வேலை அழகாகத்தான் முடிந்தது. இப்போது நினைத்தாலும் அந்தப் பேரலின் உட்புறம் கண்ணாடிபோல் மின்னியது ஞாபகம் இருக்கிறது. எடுத்துப்போன சில வாரங்களில், தோட்டத்துக்குள் பன்றி இறங்கிய ஒரு சாயங்காலம், பெரியசாமி வானத்தைப் பார்த்துச் சுட்டார். பேரல் நடுவில் பிளந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

துப்பாக்கி எங்கள் கடைக்குத் திரும்பி வந்தது. பிளந்த இடம் வாழைப்பூ மடல்போல் விரிந்து கிடந்தது. வரதன் சார் அந்த இடத்தை அரமெடுத்துச் சுத்தம் செய்து அத்தாவிடம் காட்டினார். ஒரு பக்கம் இரும்பு சுண்டுவிரல் கனம் இருந்தது. எதிர்ப்பக்கம் தகரக் கனம். பழைய நாளில் கையால் அடித்துச் செய்த பேரல். துளை நேராக ஓடியிருந்தது, ஆனால் இரும்பின் நடுவில் ஓடவில்லை, ஒரு ஓரமாக ஓடியிருந்தது. வாய்ப்பக்கமும் அடிப்பக்கமும் அளந்தவர் நடுவில் அளக்கவில்லை. ஏற்கெனவே மெலிந்திருந்த பக்கத்தை மேலும் கடைந்துவிட்டார். "நேரா இருக்கான்னு பாத்தேன் பாய். நடுவுல இருக்கான்னு பாக்கலை" என்றார். நான் அவர் குரல் உடைந்து கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார். பெரியசாமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். அதன் பிறகு வரதன் சார் கடைக்கு வரவில்லை. லேத்தில் தூசி படிந்தது. கடைசியில் அத்தாவே ஸ்ரீரங்கத்துக்குப் போனார். இரண்டு பேரும் தெருவில் நின்றே பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று இருவருமே என்னிடம் சொன்னதில்லை. மறுநாள் வந்தார். வந்ததும் ஒரு நிபந்தனை வைத்தார். "இனிமே இந்தக் கடையிலேருந்து எந்தத் துப்பாக்கி வெளில போனாலும் முதல் வெடி என் கையிலதான்."

எங்களுக்கென்று சோதனை முறை ஒன்று முன்பே உண்டு. எடமலைப்பட்டி புதூரைத் தாண்டி ஒரு பழைய கல்குழி இருக்கிறது. போலீஸில் சொல்லிவிட்டு அங்கே போவோம். துப்பாக்கியை ஒரு லாரி டயரில் கட்டி, இரண்டு மடங்கு மருந்து போட்டு, தள்ளி நின்று கயிற்றை இழுத்துச் சுடுவோம். கொண்டுவந்து கழுவி, பேரல் எங்காவது உப்பியிருக்கிறதா என்று அளப்போம். அதோடு முடிந்தது. வரதன் சார் அதோடு முடிக்க மாட்டார். இன்னொரு நாள் மறுபடியும் கல்குழிக்குப் போய், சாதாரண அளவு மருந்து போட்டு, தானே தோளில் வைத்துச் சுடுவார். மண்மேட்டைப் பார்த்து ஒரே ஒரு வெடி. காதில் அடைக்க, அவர் மனைவி கோமளம் மாமி விளக்குத் திரிக்காக வைத்திருக்கும் பஞ்சில் ஒரு கொத்துக் கொண்டுவருவார். புகை அடங்கியதும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்து என் முன்னால் நீட்டுவார். "எண்ணிக்கோ மெஹரு" என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு நாளும் எண்ணியதில்லை.

ஒரு மாசத்தில் விட்டுவிடுவார் என்று அத்தா நினைத்தார். அத்தா காலமாகி, நான் முதலாளி ஆகி, வரதன் சாருக்குத் தலை முழுக்க வெளுத்த பிறகும் அவர் விடவில்லை. ஒருமுறை அடிப்பக்கத்தில் நெருப்பு திரும்பி வலது புருவம் கருகிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அவர் வயசையும் பார்க்காமல் கத்தினேன். "டபுள் மருந்து போட்டு டயர்ல கட்டிச் சுட்டாச்சு. அது தாங்கிடுச்சு. அப்புறம் எதுக்கு சார் இந்த வீம்பு? வீட்டுல மாமி இருக்காங்க, கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு நிக்கிறா." அவர் ஈரத்துணியால் புருவத்தை ஒற்றிக்கொண்டே, "டயருக்கு விரல் இல்லையேம்மா" என்றார். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் செய்தது சரி என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. இரும்பு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. பிறகு மனுஷன் எதற்குத் தன் கையை நீட்ட வேண்டும்? இதை அவர் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்கிறேன், இறந்த பிறகு மாற்றிச் சொல்ல எனக்கு வராது.

அந்தப் பிளந்த துப்பாக்கியைப் பெரியசாமி எடுத்துக்கொள்ளவுமில்லை, விற்கவுமில்லை. எங்கள் கடையில் டெபாசிட்டில் விட்டுவைத்தார். தினமும் காலையில் பீரோவைத் திறந்தால் வரதன் சார் கண்ணில் முதலில் படுவது அதுதான். லைசென்ஸ் புதுப்பிக்கிற சமயத்தில் பெரியசாமி கடைக்கு வருவார். வரதன் சார் எழுந்து நின்று, "பேரல் மாத்திக் குடுக்கட்டுமா?" என்று கேட்பார். "பாக்கலாம் சாமி" என்பார் பெரியசாமி. நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். கோபமாகச் சொன்னதே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் வரதன் சாருக்கு லேசாக இருந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் அவர் போன பிறகு லேத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். அன்றைக்குக் காபிகூடக் கேட்க மாட்டார்.

போன தடவை பெரியசாமி வந்தபோது வரதன் சார் வழக்கம்போல எழுந்து நின்றார். வாயைத் திறக்குமுன் பெரியசாமியே பேசினார். "மவன் பேருக்கு லைசென்ஸ் மாத்தப் போறோம் சாமி. ஒடஞ்ச துப்பாக்கிய அவன் கையில குடுக்க முடியாதுல்ல. வேற எடத்துல குடுக்கலாம்னு அவன் சொன்னான். எனக்கு மனசு வரல. நீங்களே மாத்திக் குடுத்துடுங்க." வரதன் சார் உள்ளே போய்க் குழாயைத் திறந்து கை கழுவினார். நெடுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நானும் பெரியசாமியும் வெளியே உட்கார்ந்து, மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

வேலை மாசக்கணக்கில் நடந்தது. அனுமதி வாங்கி, புதுப் பேரல் வரவழைத்தோம். முதலில் வந்ததை வரதன் சார் திருப்பி அனுப்பினார். அடுத்ததை அங்குலம் அங்குலமாக, நாலு பக்கமும் அளந்தார். ஒருநாள் அளந்ததை மறுநாள் புதிதாக அளந்தார். "சார், இது மிஷின்ல பண்ணினது, நடுவுலதான் இருக்கும்" என்றேன். "இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அளந்தார். தோளில் வைக்கிற பழைய மரக்கட்டையிலேயே புதுப் பேரலை உட்கார வைத்தார். பழைய பேரலை விதிப்படி துண்டு துண்டாக அறுத்துப் போட வேண்டும். அதை அவரே அறுத்தார். வேறு யாரையும் ரம்பத்தைத் தொட விடவில்லை. திங்கட்கிழமை கல்குழியில் டயரில் கட்டிச் சுட்டோம். செவ்வாய்க்கிழமை அளந்து பார்த்து, "ஒரு மயிரிழை உப்பலை" என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சிரிப்பை நான் ரொம்ப நாளாகப் பார்த்திருக்கவில்லை. பாக்கி இருந்தது முதல் வெடி மட்டும்தான்.

ஸ்ரீரங்கத்து வீட்டில் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஏகாதசியில் போனது புண்ணியம் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் வாசலோடு நின்றேன். கோமளம் மாமி பார்த்துவிட்டு, "மெஹரு, அங்க ஏன் நிக்கறே, உள்ள வா" என்றார். போய்க் காலடியில் நின்றேன். எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். நான் கைகளைப் பார்த்தேன். கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அத்தனை வருஷம் கேட்டும் எண்ணாதவள் அன்றைக்கு எண்ணினேன். பத்தும் இருந்தன. அப்போதுதான் அழுகை வந்தது. எனக்குப் பின்னால் பெரியசாமி நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு பெரியசாமி கடைக்கு வந்தார். துப்பாக்கியை எடுத்து வைத்தேன். "முதல் வெடி இன்னும் ஆகலீங்க" என்றேன். "டயர்ல கட்டிப் பாத்தாச்சுன்னு சாமி போன்ல சொன்னாரே, போதும்மா. நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார். நானும் அதைத்தான் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தேன். ஆனால் துப்பாக்கியை அவர் பக்கம் தள்ள என் கை வரவில்லை. "இந்தக் கடையிலேருந்து அப்படிப் போகாதுங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது.

கல்குழிக்குப் போகுமுன் ஸ்ரீரங்கத்துக்குப் போய் மாமியிடம் பஞ்சு கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. டப்பாவோடு எடுத்துக் கொடுத்தார்.

கல்குழியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. "குடுங்கம்மா, நான் சுடறேன்" என்றார் பெரியசாமி. "நீங்க ஒரு தடவ சுட்டது போதும்" என்றேன். பிறந்ததிலிருந்து துப்பாக்கிகளுக்கு நடுவில் வளர்ந்தும் நான் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. பெரியசாமிதான் மருந்து அளந்து போட்டார், கெட்டித்தார். இரண்டு விரல் இல்லாத இடது கையால் என் முழங்கையைத் தொட்டுச் சரியாக வைத்தார். "கட்டைய தோள்ல நல்லா அழுத்திக்குங்க. இடம் விட்டீங்கன்னா இடிச்சிடும்" என்றார். பயமாக இருந்தது. என் இடது கை விரல்கள் பேரலுக்குக் கீழே, அவர் விரல்கள் போன அதே இடத்தில் இருந்தன. வரதன் சாரும் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் பயந்திருப்பார் என்று அப்போதுதான் புரிந்தது. பயமில்லாதவர் என்று நினைத்தே நான் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பயந்துகொண்டே செய்கிறவரோடு அப்படிச் சண்டை போட்டிருக்க மாட்டேன்.

விசையை இழுத்தேன். தோளில் இடித்தது. மண்மேட்டில் புழுதி கிளம்பியது. புகை கலைவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, பெரியசாமியின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினேன். ஏன் என்று அவர் கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. தன் இடது கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, உதடு அசைய எண்ணினார். பத்து வந்ததும், "சாமி சரியாத்தான் செஞ்சிருக்காரு" என்றார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இதைக் கேட்க ஒருவர் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று எனக்குத்தான் தெரியும். சில நாள் முந்திச் சொல்லியிருக்கலாம். அதற்காகப் பெரியசாமியைக் குறை சொல்ல மாட்டேன், விரல் அவருடையது.

வரதன் சாரின் லேத்தில் இப்போது வேறொருவர் வேலை செய்கிறார், கெட்டிக்காரர். டயர் வரைக்கும் அவர் வேலை என்று சொல்லியிருக்கிறேன். பஞ்சு டப்பா என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. முதல் வெடியை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.